ஆடாத நாற்காலி, வளையாத அலமாரி: வீட்டுச் சாமான் கேள்வி – பதில்

சோபா, அலமாரி, கட்டில், தரை என்று இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே தவிப்புதான். இன்று எல்லோரும் வாங்குவதை வாங்குவதா, இருபது வருஷம் உழைப்பதை வாங்குவதா? பொருள் பழுதானால் உங்கள் ஊர் ஆசாரியால் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லப்பட்டவை.

புது வீட்டுக்கு சோபா வாங்க வேண்டும். வெள்ளை நிறத்தில், சுருள் சுருளான துணி போட்ட வளைவு சோபாதான் இப்போது போகிறது என்கிறார்கள் ஷோரூமில். ஆசாரியோ தேக்கில் செய்து தருகிறேன் என்கிறார். வீட்டில் இரண்டு வாண்டுகள். எதை எடுக்க?
*– வாசகி, திருச்சி*

நிறமும் வளைவும் அப்புறம். கடையில் அந்த சோபாவின் முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். அடுத்த முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நிற்க, சோபா மட்டும் முறுக்கிக்கொண்டால், உள்ளே இருப்பது மெல்லிய மரச்சட்டங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்திய கூடு. துணியைக் கிழிக்காமல் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

அடுத்தது ஃபோம். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி, சாயும் இடத்துக்கு 28 முதல் 32 வரை போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கடைக்காரர் விரலால் அமுக்கிக் காட்டி "பாருங்க எவ்வளவு கெட்டியா இருக்கு" என்பார். கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. லேசான ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். ஆனால் அதில் பொருள் குறைவு என்பதால் உட்கார உட்கார நுண்ணறைகள் உடைந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் நடுவில் பள்ளம் விழும். எடை போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 24 அங்குலம் நீளம், 24 அங்குலம் அகலம், 4 அங்குலம் கனமுள்ள ஃபோம் 40 டென்சிட்டி என்றால் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.2 கிலோ. சுண்ணாம்புத் தூள் கலந்து எடையை ஏற்றுவதும் உண்டு. ஓரத்தைக் கிள்ளித் தேய்த்துப் பாருங்கள், மாவு உதிர்ந்தால் வேண்டாம்.

சுருள் துணியில் பிள்ளைகளின் நகமும் பொம்மைக் காரின் சக்கரமும் மாட்டி இழுக்கும். ஒரு சுருள் இழுபட்டால் ஒரு வரிசையே தெரியும். வெள்ளையில் சாம்பார் விழுந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ரெக்சினும் உங்களுக்கு வேண்டாம். அதன் மேல்பூச்சு ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். ஒட்டுப்போட முடியாது. நெருக்கமாக நெய்த கனமான துணியாக எடுங்கள். துணிக் கடையில் மார்ட்டின்டேல் எண் என்ன என்று கேளுங்கள். எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும் என்ற கணக்கு அது. வீட்டுக்கு 20,000-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஆகவே ஆசாரி பக்கம்தான் எங்கள் ஓட்டு. சில விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். செதுக்கு வேலை வேண்டாம், நேர்கோடு போதும். செதுக்கலில் சேரும் தூசியைத் துடைப்பது தினமும் ஒரு வேலை. மெத்தைகள் எல்லாம் ஒரே அளவில், ஜிப் வைத்த உறையோடு இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட்டால் ஒரே இடம் தேயாது. மெத்தைக்கு அடியில் வரும் மரப்பட்டிகளுக்கு இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் ஃபோம் அந்தச் சந்தில் இறங்கி வெட்டுப்படும். உட்காருமிடம் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால்தான் முதுகு சாயும். இதை மறந்துவிட்டுத்தான் பல மர சோபாக்கள் "உட்காரவே முடியலை" என்ற பெயரை வாங்குகின்றன.

வெள்ளை மேல் ஆசை இருந்தால் உறையை வெள்ளையில் தையுங்கள். அலுத்துப்போனால் உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு 76 வயது. இப்போது வரும் சோபாவெல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது.
*– வாசகர், ஈரோடு*

அம்மாவை நிற்கச் சொல்லி, முழங்காலின் பின் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைவிட ஒன்று இரண்டு அங்குலம் உயரமாக இருக்கை வேண்டும். பெரும்பாலும் 18, 19 அங்குலம் வரும். மெத்தை அமுங்கிய பிறகு உள்ள உயரத்தைத்தான் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் கை இருக்கட்டும். அந்தக் கை இருக்கையின் முன் விளிம்புவரை நீண்டிருக்க வேண்டும், ஊன்றி எழுவது அங்கேதான். இருக்கையின் ஆழம் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முன்கால்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் இருந்தால் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து எழ முடியாது, அதையும் பாருங்கள். இருக்கிற சோபாவையே உயர்த்துவதென்றால், காலுக்கு அடியில் வெறும் கட்டையை வைக்காதீர்கள், நழுவும். கால் பொருந்தும்படி குழி கடைந்த கட்டையாகச் செய்து வாங்குங்கள்.

பாட்டி காலத்து மர அலமாரி. ஒரு பக்கக் காலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. கரையான் என்று பயந்து, விற்றுவிட்டு ஸ்டீல் பீரோ வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில். மனசு கேட்கவில்லை.
*– வாசகர், மன்னார்குடி*

விற்காதீர்கள். கொட்டுவது மாவு என்றால் அது கரையான் வேலை இல்லை. கரையான் தரையிலிருந்து மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும், உள்ளே மண்ணை அப்பும். மெல்லிய மாவும் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டையும் இருந்தால் அது உளு, மரம் துளைக்கும் வண்டு. வைத்தியம் இரண்டுக்கும் வேறு. கரையானுக்குச் சுவர் ஓரத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும். உளுவுக்கு அந்த மரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் நன்றாகக் கூட்டிவிட்டு, கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விடுங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது. இல்லையென்றால் அது என்றைக்கோ வந்துபோன உளுவாக இருக்கலாம். வெளியே தெரியும் ஓட்டை வண்டு வெளியேறிய வழி. அதை மட்டும் மெழுகு வைத்து அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

பிறகு ஸ்க்ரூ டிரைவர் முனையால் கால்களையும் அடிச்சட்டத்தையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் மரம் திடமாக இருக்கிறது. பொதபொதவென்று இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் ஒட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய அலமாரியின் அருமையே இதுதான். ஒரு சட்டத்தில் குழி வெட்டி, இன்னொரு சட்டத்தின் நாக்கை அதில் செருகி, மர ஆணி அடித்திருப்பார்கள். ஆணியைத் தட்டினால் கழன்று வரும், ஒரு காலை மட்டும் மாற்றலாம். பசையும் ஸ்டேப்ளருமாகச் செய்த இன்றைய சாமானில் இதைச் செய்ய முடியாது.

மருந்து அடிக்கும்போது அலமாரியை வெளியே, நிழலில் வையுங்கள். மரத்துக்கென்றே விற்கும் பூச்சி மருந்தை, டப்பாவில் உள்ள அளவுப்படி, ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் நிரம்பி வழியும்வரை ஏற்றுங்கள். கையுறையும் முகமூடியும் அவசியம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டையில் ஏற்றினால் இன்னொன்றில் பீச்சி அடிப்பது உண்டு. வார்னிஷ் இருக்கும் முகத்தில் மருந்து இறங்காது. பாலிஷ் போடாத பின்பக்கமும் அடிப்பக்கமும்தான் தூரிகையால் தாராளமாகத் தடவ வேண்டிய இடங்கள். பாலிதீன் தாளால் சுற்றி மூன்று நாள் வைத்தால் மருந்து உடனே ஆவியாகாமல் உள்ளே ஊறும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அது ஆவியாகிப் போய்விடும், நாற்றம் நிற்கும், தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

தூள் நின்றது உறுதியான பிறகுதான் பாலிஷ். இதற்கு அரக்கு பாலிஷையே சிபாரிசு செய்கிறோம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு, கண்ணாடி பாட்டிலில் மூடி ஒரு இரவு ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டுங்கள். கலந்ததை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், பூசினால் காயாமல் பிசுபிசுக்கும். உப்புத் தாளை 120, 180, 220 என்ற வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷுக்குப் பிறகுதான் பளிச்சென்று தெரியும். பருத்திப் பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாக ஆறேழு கை இழுங்கள். மழை நாளில் வேண்டாம். காற்றின் ஈரம் பட்டு பாலிஷ் வெண்மையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்துவிட்டாலும் வெயில் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒருமுறை ஓட்டினால் தெளியும். பின்னாளில் ஓரிடம் கீறினால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொடுக்கலாம். பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சில் இது நடக்காது, முழுப் பலகையையும் சுரண்ட வேண்டும். அதனால் பி.யு. சாப்பாட்டு மேசைக்கு, அரக்கு அலமாரிக்கு. ஸ்பிரிட் வேலை நடக்கும் இடத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது.

டி.வி.க்குப் பின்னால் கோடு கோடாக இருக்கும் சார்கோல் பேனல் ஒட்டலாமா? பார்க்கிற வீட்டிலெல்லாம் இருக்கிறது.
*– வாசகி, கோவை*

பார்க்கிற வீட்டிலெல்லாம் இருப்பதாலேயே சீக்கிரம் அலுக்கும். பள்ளங்களில் தூசி அடையும். ஒரு பட்டி உடைந்தால் அதே நிறம், அதே கோடு பின்னால் கிடைப்பது அரிது. சுவரில் நேராக ஒட்டினால் எடுக்கும்போது சுவரின் பட்டிப் பூச்சு, பெயின்ட் எல்லாம் பெயர்ந்து வரும். ஆசை விடவில்லையென்றால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டி, அந்தப் பலகையைச் சுவரில் ஸ்க்ரூவால் மாட்டுங்கள். ஒரு நாளில் கழற்றிவிடலாம்.

கடலுக்குப் பக்கத்தில் ஃபிளாட். வார்ட்ரோப் செய்ய ஒருவர் பார்ட்டிகிள் போர்டு போதும், மேலே அக்ரிலிக் ஒட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறார். இன்னொருவர் 710 பிளைவுட் இல்லாமல் வேலையைத் தொடவே மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?
*– வாசகர், சென்னை*

இரண்டு பேருமே ஓர் எல்லைக்குப் போகிறார்கள். பார்ட்டிகிள் போர்டு மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் அழுத்திய பலகை. விளிம்பில் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் ரொட்டி மாதிரி உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஸ்க்ரூ பிடிப்பும் குறைவு. கீல் ஒருமுறை பிய்ந்தால் அதே ஓட்டையில் மறுபடி நிற்காது. ஏற்கெனவே பிய்ந்தது வீட்டில் இருந்தால், அந்த ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, மர உருளை ஒன்றைப் பசை தடவி இறக்கி, மறுநாள் அதில் ஸ்க்ரூ போடலாம். சில வருஷம் ஓடும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்ற தரம். சமையலறை சிங்க்கின் அடி, குளியலறையை ஒட்டிய சுவர் ஆகிய இடங்களுக்கு அது தேவை. காய்ந்த சுவரில் நிற்கும் வார்ட்ரோப்புக்கு ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்கும்) தரம் போதும். மிச்சப் பணத்தைக் கீலில் போடுங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்புக் கீல் சீக்கிரம் துருவேறும், 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். ஏழடிக் கதவுக்கு நான்கு கீல், மூன்று அல்ல.

பலகையில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அதோடு நாலங்குலத் துண்டு ஒன்றை வெட்டி வீட்டில் எட்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்குப் பிரிந்தால் லோடைத் திருப்பி அனுப்ப அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அளவுகளுக்கு வருவோம். பக்கமும் தட்டும் 18 மில்லிமீட்டர், பின்பலகை 9. துணிக்கான தட்டு இரண்டரை அடிக்கு மேல் தாங்கலில்லாமல் நீளக்கூடாது, புத்தகத் தட்டு இரண்டு அடிக்கு மேல் கூடாது. ஒரு அடி நீளப் புத்தக வரிசை பத்துக் கிலோ வரைகூட வரும். தட்டு முழுக்கப் பரவிய பாரத்தில் வளைவு நீளத்தின் நான்காம் மடியில் ஏறும். இரண்டு அடித் தட்டை மூன்று அடியாக்கினால் ஒன்றரை மடங்கு அல்ல, ஐந்து மடங்கு வளையும். நீளத்தைக் குறைக்க முடியாவிட்டால், ஒன்றரை அங்குல மரச்சட்டத்தை முன் விளிம்பில் செங்குத்தாக நிறுத்திப் பசையோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

கதவின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் (மேலே ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டி, உள்ளே பெயின்ட் அடித்துவிட்டால், இரண்டு முகமும் ஈரத்தை வேறு வேறு வேகத்தில் வாங்கிக் கதவு வில்லாக வளையும். உள்பக்கமும் மெல்லிய லேமினேட் வேண்டும். வெளிச்சுவரிலிருந்து ஒரு அங்குலமும் தரையிலிருந்து நாலு அங்குலமும் விட்டு நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பட்டுப்புடவையில் பூஞ்சை வருவது பெரும்பாலும் சுவரோடு ஒட்டிய அலமாரியில்தான்.

அக்ரிலிக்கில் ஆழமாகக் கீறல் விழுந்தால் மறைப்பது கஷ்டம். எந்தப் பலகை எடுத்தாலும் நிறத்தின் எண்ணைக் குறித்துவைத்து, கூடுதலாக ஒரு ஷீட் வாங்கிப் பரணில் போடுங்கள். அடுத்த கேட்டலாக்கில் அந்த நிறம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஊரில் கட்டும் வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் போட ஆசை. மங்கிவிடும் என்று இன்ஜினீயர் தடுக்கிறார்.
*– வாசகி, சிவகங்கை*

மங்குவது கல்லால் அல்ல, கழுவும் முறையால். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்டால் சிமென்ட் கரையும், வழவழப்பு அங்கேயே போய்விடும். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை நீக்க ஆசிட் ஊற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கும் கொடுமை. மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கறை காயும் முன் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பெயின்ட், மின்சார வேலை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகப் பதிக்கச் சொல்லுங்கள். கையால் செய்வதால் கனம் கல்லுக்குக் கல் சற்று மாறும், அதனால் பசையில் ஒட்டாமல் கலவையில் பதித்து மட்டம் பார்ப்பதே நல்லது. நூற்றுக்குப் பத்துக் கல் கூடுதலாக வாங்குங்கள். மறுமுறை வாங்கினால் நிறம் சற்றே மாறியிருக்கும். பதித்தபின் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தினமும் வெறும் தண்ணீரில் மெழுகுங்கள். கால் பட்டுப் பட்டு மெருகேறும். குளியலறைக்கு மட்டும் வேண்டாம், சோப்பும் ஈரமும் கறையாக நிற்கும்.

கட்டிலுக்குத் தேக்கு வாங்கப் போகிறேன். வாடகை வீட்டில் இருப்பதால் அடிக்கடி மாற வேண்டிவரும். மரக்கடையில் ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
*– வாசகர், மதுரை*

கணக்கிலிருந்து தொடங்குங்கள். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி நீளம், எட்டங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 84-ஐ 144-ஆல் வகுக்க, 0.58 கன அடி. இழைப்பில் போகும் சேதாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

நிலம்பூர்த் தேக்கா, பர்மாத் தேக்கா என்ற பேச்சைவிட வைரம், அதாவது மரத்தின் நடுவில் முற்றிய பகுதி, எவ்வளவு என்பதுதான் முக்கியம். 1840-களில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிய நிலம்பூரிலிருந்து வந்த மரமானாலும், ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கரையானும் உளுவும் விடாது. பூச்சியைத் தள்ளிவைக்கும் இயற்கைச் சத்து இருப்பது பொன்பழுப்பான வைரத்தில்தான். இளமரத்தில் வெள்ளை அதிகம். சாயம் தடவி வைரத்தோடு சேர்த்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பாலிஷ் போடும் முன் கட்டிலை ஒருமுறை பகலில் போய்ப் பாருங்கள். பச்சை மரம் காயும்போது நீளத்தில் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். தலைப்பக்கப் பலகை நடுவில் வெடிப்பது அதனால்தான். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் 12 சதவீதத்தை ஒட்டி வரட்டும். பலகையை நாலு பக்கமும் பசை போட்டு இறுக்காமல், சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் (காடியில்) அசைய இடம்விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

வீடு மாறுகிறவர் என்பதால் நீளச் சட்டங்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் போல்ட்-நட்டில் சேரட்டும். 60-க்கு 78 அங்குல மெத்தை எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவு, கட்டிலையும் அதற்கே செய்யுங்கள். தலைப்பலகை உயரம் நாலடிக்குள் இருந்தால் குறுகிய மாடிப்படியிலும் திரும்பும். ஒவ்வொரு சட்டத்தின் உள்முகத்திலும் அது சேரும் காலிலும் ஒரே எண்ணை உளியால் குறித்துவைக்கச் சொன்னால், அடுத்த வீட்டில் புது ஆள் கோத்தாலும் கட்டில் ஆடாது. கோத்து ஒரு மாதம் கழித்து நட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள்.